நடுவயது ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு: காரணம் தேடாத சிகிச்சையின் சிக்கல்

நாற்பதைக் கடந்த ஆண் சோர்வென்றோ தூக்கக் கேடென்றோ மருத்துவரிடம் போனால், டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்ப்பதும், குறைந்திருந்தால் ஊசியோ பூசும் ஜெல்லோ எழுதித் தருவதும் இன்று பரவலாகிவிட்டன. இடையில் இருக்க வேண்டிய ஒரு படி இதில் விடுபடுகிறது. நடுவயதில் காணப்படும் குறைந்த அளவு, பல நேரம் வேறொரு நோயின் அறிகுறி. அளவு ஏன் குறைந்தது என்று தேடுமுன் தொடங்கும் சிகிச்சை அந்த நோயை மறைத்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அறிகுறிகள். ஜான் மார்லி குழுவினர் 2000இல் வெளியிட்ட 'அடாம்' வினாத்தாளில் பத்துக் கேள்விகள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கண் அசந்துவிடுகிறதா, எரிச்சல் வருகிறதா, உயரம் குறைந்திருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கும். பாலுறவு நாட்டம் குறைந்ததா, விறைப்பு தளர்ந்ததா ஆகிய இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலோ, மற்றவற்றில் ஏதேனும் மூன்றுக்கு 'ஆம்' என்றாலோ குறைபாடு இருக்கலாம் என்று அது சொல்லும். மூன்றுக்கு 'ஆம்' என்று தலையாட்டும் ஐம்பது வயதுக்காரர் அரிதல்லர். குறைபாடு இல்லாதவர்களிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரை இந்த வினாத்தாள் பிடித்துவிடும் என்பது அதை உருவாக்கியவர்களின் ஆய்விலேயே தெரிந்தது.

ஐரோப்பாவின் எட்டு மையங்களில் 40 முதல் 79 வயதுவரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்த 'ஈமாஸ்' ஆய்வு 2010இல் இதற்குத் தெளிவு தந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு உறுதியாகச் சேர்ந்து வந்தவை நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு, காலை விறைப்பு அருகிப்போதல் ஆகிய மூன்று பாலியல் அறிகுறிகளே. இம்மூன்றும், குறைந்த ரத்த அளவும் சேர்ந்தே இருந்தவர்கள் மொத்தத்தில் 2.1 சதவீதம். நாற்பதுகளில் இருந்தோரில் 0.1 சதவீதம்தான். விளம்பரங்கள் குறிவைக்கும் வயதில் உண்மையான குறைபாடு இவ்வளவு அரிது.

அடுத்து, பரிசோதனை. இந்த ஹார்மோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் குறையும், காய்ச்சலில் படுத்தெழுந்தாலும் குறையும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலையில், வெவ்வேறு நாட்களில் இருமுறை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மாலை நான்கு மணிக்கு எடுத்த ஒற்றை ரத்தத்தை வைத்து ஆயுள் முழுக்க நீளக்கூடிய சிகிச்சையை முடிவுசெய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரியாக எடுத்த அளவும் ஏமாற்றலாம். ரத்தத்திலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்தே ஓடுகிறது. அவற்றில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் புரதம் உடற்பருமனிலும் இரண்டாம் வகை நீரிழிவிலும் குறைந்துவிடும். இருவரை எடுத்துக்கொள்வோம், இருவருக்கும் மொத்த அளவு டெசிலிட்டருக்கு 250 நானோகிராம். பருமனானவருக்கு அந்தப் புரதம் லிட்டருக்கு 15 நானோமோல், ஒல்லியானவருக்கு 45. வழக்கமான வெர்மியூலன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், பிணையாத டெஸ்டோஸ்டிரோன் முன்னவருக்கு லிட்டருக்குச் சுமார் 240 பிகோமோல், பின்னவருக்குச் சுமார் 135. ஈமாஸ் வைத்த எல்லை 220. ஆய்வகத் தாளில் இருவரும் ஒன்று. உடலுக்குள் ஒருவருக்கே குறைவு.

குறைவு உறுதியானபின் பார்க்க வேண்டியது, விந்தகத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச். அது உயர்ந்திருந்தால் கோளாறு விந்தகத்தில். இவ்வகையைச் சேர்ந்த, பிறவிக் குரோமோசோம் கோளாறான கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி நடுவயதுவரை கண்டுபிடிக்கப்படாமலே போவதுண்டு. எல்.எச். தாழ்ந்தோ, சாதாரணமாகவோ இருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரியிலோ ஹைப்போதாலமஸிலோ. புரோலாக்டின் சுரக்கும் கட்டி, ஓபியாய்டு வலிமருந்து, உடற்பருமன் என்று காரணங்கள் பல. ஈமாஸில் இந்த இரண்டாம் வகை 11.8 சதவீதம், விந்தக வகை 2 சதவீதம். இரண்டாம் வகை உடற்பருமனோடும், விந்தக வகை முதுமையோடும் சேர்ந்து வந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றத் தொடங்கியதுமே எல்.எச். அடங்கிப்போகும். அதன்பிறகு எடுக்கும் ரத்தத்தில், ஆரம்பக் காரணம் மேலேயா கீழேயா என்று பிரித்தறிய முடியாது. விடுபடும் படி இதுதான். இதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

சிகிச்சையில் பெரிய ஆபத்து இல்லை, பலனும் உண்டு என்ற எதிர்வாதம் வலுவானதே. 'டிராவர்ஸ்' ஆய்வில் இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த 5,200க்கும் மேற்பட்ட ஆண்களில், பெரும் இதய நிகழ்வுகள் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களிடம் 7.0 சதவீதம், போலிமருந்து பெற்றவர்களிடம் 7.3 சதவீதம். மாரடைப்புப் பயம் இதனால் பெரிதும் தணிந்தது. ஆனால் அதே ஆய்வில் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் ரத்தக்கட்டியும் ஹார்மோன் பெற்றவர்களிடம் கூடுதல். எலும்பை வலுவாக்கும் என்று நம்பப்பட்ட ஹார்மோனைப் பெற்றவர்களிடம் எலும்பு முறிவும் 2.46இலிருந்து 3.50 சதவீதமாக உயர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1,007 பேரிடம் நடந்த ஆய்வில், உணவு, உடற்பயிற்சித் திட்டத்தோடு ஊசியும் பெற்றவர்களில் ஈராண்டுக்குப்பின் நீரிழிவு 12 சதவீதம். திட்டம் மட்டும் பெற்றவர்களில் 21. நல்ல பலன்தான். ஆனால் ஊசி பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கு ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீத எல்லையைத் தொட்டது. நோயால் வந்த டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு உள்ளவர்களை அவ்வாய்வு சேர்க்கவுமில்லை. ஆகவே குறைபாட்டுக்கான சிகிச்சைக்கு அதைச் சான்றாகக் காட்ட இயலாது.

கிளைன்ஃபெல்டர் உள்ளவருக்கும் பிட்யூட்டரி சேதமடைந்தவருக்கும் இந்த ஹார்மோனை மறுப்பது கொடுமை. பருமனால் அளவு குறைந்தவருக்கோ எடை இறங்கினாலே அது ஏறும். அவருக்கு எடைக்குறைப்பையும், உறக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் அதற்கான சிகிச்சையையும் முதலில் தந்து, சில மாதங்கள் கழித்து அளவை மீண்டும் பார்ப்பதே முறை. நாற்பத்திரண்டு வயதில் குழந்தைக்காகக் காத்திருப்பவரிடம் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும், நிறுத்தியபின் அது மீளப் பல மாதங்கள் ஆகலாம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?