ஆகாயத்திலும் ஒரு துண்டு முறை

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் சிறு மிதவை விமானம் வட்டமிட்டு இறங்கிய நாட்களில், மலைச்சரிவில் கொழுந்தெடுத்து நின்ற பெண்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதுண்டு. அவ்வாறு பார்த்த தாய் ஒருத்தியின் மகன் என் வகுப்பில் பயில்கிறான். "விமானியானால் வீட்டுக் கடன் எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா, சேர்?" என்று ஒருநாள் கேட்டான். கடனைக் கண்டே வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்பான்? எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

நம் முன்னோர் இம்மலைகளுக்குக் கடனையும் சுமந்துகொண்டுதான் வந்தனர். தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும், பெரட்டில் முதல் பேர் விழுமுன்னரே அவர்கள் கணக்கில் ஏறிவிட்டன. தோட்டம் மாற விரும்பிய கங்காணிக்குத் துரை எழுதிக் கொடுத்த காகிதமே துண்டு. இன்ன தொகையைச் செலுத்துவோர் இவனையும் இவன் ஆட்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். புதிய துரை அத்தொகையைக் கட்டுவார். அது புதிய தோட்டத்துக் கணக்கில் மீண்டும் கடனாக ஏறும். ஆட்பஞ்சம் வந்த காலத்தில் தோட்டங்கள் போட்டியிட்டு உயர்த்தியது கூலியை அன்று. முன்பணத்தையே, அதாவது கடனையே. 1921ஆம் ஆண்டில் சட்டம் இம்முறையை ஒழித்தது.

விமானிக்கும் துண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். வணிக விமானி உரிமத்துக்கு ஏறத்தாழ இருநூறு மணி நேரப் பறப்பு வேண்டும். அதன் செலவு, காணியை ஈடுவைத்தாலும் பல குடும்பங்களுக்கு எட்டாதது. உரிமம் கிடைத்த பின்னும் பெரிய கம்பனிகள் அனுபவம் கேட்கும். எனவே புதியவர் சிறிய பிராந்தியக் கம்பனிகளின் வாயிலில் நிற்கிறார். பல நாடுகளில் அவருடைய கூலி, விமானம் நகரும் நேரத்துக்கே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. மழையிலும் பனியிலும் நிலையத்தில் காத்திருந்த பொழுது கணக்கில் வருவதில்லை. நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்டவர்களுக்கு இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை.

2009 பெப்ரவரி 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகில் கோல்கன் ஏர் என்ற பிராந்தியக் கம்பனியின் விமானம் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். துணை விமானிக்கு வயது 24. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது; சுமார் 24,000 என்று கம்பனி பின்னர் கூறியது. எதுவாயினும் ஆகட்டும், விமானியாக வேலை செய்துகொண்டே சில காலம் காப்பிக் கடையிலும் அவர் உழைத்தார் என்பது மறுக்கப்படவில்லை. பணித்தளமான நூவர்க் நகருக்கருகே வீடு வைத்திருக்கவில்லை. நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டிலில் பெற்றோருடன் வாழ்ந்த அவர், சரக்கு விமானங்களில் இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்தார். தலைமை விமானியும் முந்திய இரவு ஊழியர் ஓய்வறையிலேயே கிடந்தார். துணை விமானிக்குச் சளி. வீட்டில் இருந்திருந்தால் புறப்பட்டிருக்கமாட்டேன் என்றும், இங்கு வந்தபின் விடுப்பெடுத்தால் விடுதிக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்றும் அவர் கூறியது விமானத்தின் குரற்பதிவில் உள்ளது.

வேகம் குறைந்துவிட்டதென்ற எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையில் எதிர்வினை புரிந்ததே விபத்துக்குக் காரணம் என விசாரணைச் சபை முடிவு கூறியது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும். எவ்வளவு என்பதை நிறுவ இயலவில்லை என்றும் எழுதிற்று. உண்மைதான். களைப்பை நிறுக்கத் தராசு இல்லை.

மாண்டவர்களின் குடும்பத்தினர் ஓயவில்லை. அவர்கள் போராட்டத்தின் பயனாக 2010இல் சட்டம் பிறந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இலும், புதிய ஓய்வு நேர விதிகள் 2014இலும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் எந்தச் சரக்கு விமானங்களில் அந்தப் பெண் இரவெல்லாம் பயணம் செய்தாரோ, அவற்றின் விமானிகளுக்கு அந்த ஓய்வு விதிகள் கட்டாயமாக்கப்படவில்லை! கூலி பெருமளவு உயர்ந்ததோ 2022இல், விமானிப் பஞ்சம் வந்த பிறகே. அனுபவ மணிகள் கூடியதனால் புதியவரின் செலவும் கூடிற்று என்பதையும் மறைக்கலாகாது.

அண்டை நாடான இந்தியாவில், வேலையை விட விரும்பும் துணை விமானி ஆறு மாதமும் தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று 2017இல் அரசு விதித்தது. பயணிகள் நலனே காரணமாகக் கூறப்பட்டது. பயிற்சிச் செலவுக்குப் பிணைப்பத்திரம் வாங்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு; இடையில் விலகுவோர் தொகையைக் கட்டவேண்டும். அவ்வாறாயின் அப்பத்திரத்தைத் துண்டு என்று அழைப்பதில் என்ன பிழை? விமானி கூலியாள் அல்லர், படித்தவர், சீருடை அணிந்தவர் என்று சிலர் மறுப்பர். ஆயினும் "இன்று என்னால் பறக்க இயலாது" என்று சொல்லவேண்டிய வேளையில் கடன் வாயை அடைக்குமானால், சீருடை எதற்கு உதவும்?

இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் கூறினேன். விமானியாகும் ஆசையை விடச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? சில நாட்கள் கழித்து, பள்ளி விட்டபின் மேசையருகே வந்து நின்றான்.

"காத்திருக்கிற நேரத்துக்கும் பேர் போடச் சொல்லி அங்கே யாராவது கேட்டிருக்கிறார்களா, சேர்?"