கணினியும் தமிழ்ப் பள்ளியும்

மணலும் ஏடும் கற்பலகையும் எம்மொழி எழுத்தையும் தாமே ஏற்றன. கணினியோ அவ்வாறன்று, அதற்குள் எழுத்தை ஒருவர் முதலில் அமைத்துத் தரல் வேண்டும். நம் நாட்டில் அப்பணியை 1985-ஆம் ஆண்டிலேயே முத்து நெடுமாறன் தம் ‘முரசு’ மென்பொருளால் தொடங்கிவிட்டார்.

பள்ளிகளின் நிலை யாது? 1997-இல் அரசு விவேகப் பள்ளித் திட்டத்தை வகுத்தது. 1999 முதல் 2002 வரை 87 பள்ளிகளில் அது வெள்ளோட்டம் கண்டது. அதற்கென ஆக்கப்பெற்ற கணினிப் பாடங்கள் மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என நான்கே. தமிழ் அவற்றுள் இல்லை.

2003-இல் தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. அப்பாட ஆசிரியர்க்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. ஆக, கணினி நம் வகுப்பறைக்குள் ஆங்கிலம் பேசிக்கொண்டே நுழைந்தது. அம்முறையைக் கைவிட 2009-இல் முடிவாயிற்று. பின்னர்ப் படிப்படியே தமிழ் மீண்டது.

கோத்தா திங்கித் தோட்டப் பள்ளியொன்றில் பணிபுரியும் எனக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. எழுத்து இருந்தது, பாடம் இல்லை. கருவியைப் பிறர் தருவர். அதனுள் தமிழ்ப் பாடத்தை இடவேண்டியவர் நாமே. பயிற்சிக் கல்லூரியில் அட்டையை வெட்டிப் படம் ஒட்டிப் பயிற்றுத் துணைப்பொருள் செய்தோம் அல்லவா? அக்கைப்பழக்கமே இன்று திரைக்கும் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒரு பாடமேனும் ஆக்கி, அண்டைப் பள்ளிக்கும் அளிப்போமாக.