நம் முன்னோர் பெற்ற கிராண்டு

கூலாயில் வீடோ நிலமோ வாங்கப் போகிறவரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது, "கிராண்டு யார் பேரில் இருக்கு?" என்பதுதான். மலாய் மொழியில் அது 'கெரான்'. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில் அச்சொல்லின் வரலாற்றை அறிவது நல்லது. நம் சமூகத்தின் வரலாறும் அதில் அடங்கியிருக்கிறது.

பழைய ஆங்கிலேயச் சட்டப்படி, நிலத்தைக் கொடுப்பவரும் பெறுபவரும் அந்த நிலத்திற்கே சென்று, சாட்சிகள் முன்னிலையில் ஒரு பிடி மண்ணையோ மரக்கிளையையோ கைமாற்ற வேண்டும். வழிநடை உரிமை போன்ற, கையில் எடுத்துக் கொடுக்க முடியாதவற்றையே முத்திரையிட்ட பத்திரத்தால் வழங்கினர். அவ்வாறு வழங்குவதற்குத்தான் 'கிராண்டு' என்று பெயர். 1845ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தையும் அவ்வாறே வழங்கலாம் என்றது. ஆனால் அரசர் தம் நிலத்தை வழங்குவது அதற்கு முன்பிருந்தே பத்திரத்தால்தான் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியும் அதே முறையில் இங்கு நிலம் வழங்கியது.

பினாங்கில் 1801ஆம் ஆண்டு, துணைநிலை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் காலத்தில், நம்மவர்களின் தலைவரான 'கப்பித்தான் கெலிங்' காதர் முகைதீன் அவர்களிடம் பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. இன்றும் அவர் பதவிப் பெயராலேயே அப்பள்ளிவாசல் அழைக்கப்படுகிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் சாலையில் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு ஒரு நிலம் கிடைத்தது. வேறெந்தக் காரியத்திற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. அங்கு எழுந்த நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கிராண்டு என்பது அரசு மனிதருக்கு வழங்குவது. அதில் ஒரு பெயர் இருக்கும். வக்ஃபு என்பது மனிதர் அல்லாஹ்வுக்காக என்றென்றைக்கும் அர்ப்பணிப்பது. முதலாவதைப் பெற்று இரண்டாவதை நிலைநிறுத்தினார்கள் நம் முன்னோர். ஆனால் காகிதத்தில் பெயர் உள்ளவர் மறைந்த பின், நிலம் வாரிசுகளின் சொத்தா, ஜமாஅத்தின் பொறுப்பா என்ற வழக்குகள் எழுவதுண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் நிர்வாகக் குறைகள் பெருகியதால் 1905இல் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பள்ளிவாசல் சொத்துகளைக் கவனிக்க வாரியமும் அமைந்தது.

நம் ஜோகூரின் பாதை வேறு. இங்கே நிலம் ஆட்சியாளருடையதாக இருந்தது. மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்கு, 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அந்தக் கங்சு முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1966 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா முழுமைக்கும் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858இல் கொண்டுவந்த பதிவு முறையே இதற்கு அடிப்படை. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். மோசடி போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதை அசைக்க முடியும். 'கெரான்' என்றால் நிரந்தர உரிமை. 'பஜாக்கான்' என்றால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை, அதிகபட்சம் 99 ஆண்டுகள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், யாருக்கு மாற்றலாம் என்ற நிபந்தனைகளும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே ஒரு நல்ல மனிதரின் பெயரில் பொதுச் சொத்து இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். நல்லவருக்கும் மௌத் உண்டு. அவர் பிள்ளைகளுக்குக் கடன் இருக்கலாம், கருத்து வேறுபாடும் வரலாம். பதிவு பெற்ற சங்கம் தன் பெயரிலேயே நிலத்தைப் பதிய 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் இடமளிக்கிறது. வக்ஃபு என்றால் மாநில இஸ்லாமிய சமய மன்றம் இருக்கிறது.

ஒவ்வொரு குடும்பமும் வீட்டுப் பெட்டியிலுள்ள கிராண்டை ஒருமுறை எடுத்து, பெயர், காலம், நிபந்தனை ஆகிய மூன்றையும் பிள்ளைகளுடன் சேர்ந்து வாசியுங்கள். காதர் முகைதீன் விட்டுச் சென்ற பள்ளிவாசலில் இரு நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பாங்கொலி கேட்கிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் அவ்வாறு ஒன்றை விட்டுச் செல்ல அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.