பெயர்த் தகடும் பின்கவையும்

சுவடிகளோடு பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: முகப்பில் காணும் பெயர் நூலை இயற்றியவருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சிறு பட்டறைகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கையால் செய்யப்பட்ட, எடை குறைந்த மிதிவண்டிகளுக்கும் இது பொருந்தும்.

பெருந்தொழிற்சாலை வண்டிகளின் முகப்பில் பித்தளைத் தகடு ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். எடையைக் குறைக்க முயன்ற சிறு பட்டறையினர் பலர் தகட்டுக்குப் பதிலாக ஒட்டுப்படத்தை விரும்பினர். மறுபூச்சில் அது அழிந்துவிடும். தகடு போனாலோ இரண்டு துளைகளேனும் எஞ்சும். அவற்றின் இடைவெளியும், அவை மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்பதும் ஆய்வாளருக்குத் தடயங்கள். ஆனால் தகட்டைக் கழற்றி வேறொரு வண்டியில் பொருத்திவிடவும் முடியும். ஆகவே தகடு ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பன்று.

சில பட்டறைகளுக்குச் சட்டகத்தின் வடிவமே கையொப்பமாயிற்று. லண்டன் டாட்டன்ஹாமில் கடை வைத்திருந்த ஹெட்சின்ஸின் வண்டிகளை 1930களின் நடுவிலிருந்து அலைபோல வளைந்த பின்கவைகளே காட்டிக்கொடுத்தன. தொழில்முறை சாராத பந்தய வீரர்கள் தயாரிப்பாளரின் பெயரை விளம்பரப்படுத்தலாகாது என்ற விதி அன்று இருந்தது. பெயரில்லாமலே அடையாளம் தெரியத்தான் இத்தகைய வடிவங்கள் பிறந்தன என்பது ஒரு விளக்கம். ஆயினும் வடிவமும் காலத்தைச் சொல்லிவிடாது. பிராட்ஃபோர்டின் பெய்ன்ஸ் சகோதரர்கள் 1930களில் உருவாக்கிய ‘பறக்கும் கதவு’ சட்டகத்தை 1970களின் பிற்பகுதியில் டிரெவர் ஜார்விஸ் மீண்டும் செய்யத் தொடங்கினார்.

காலத்தை எப்படிக் கணிப்பது? ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் வந்தது. ஒட்டுப்படம் அசலானால் சட்டகம் அதற்கு முந்தியதாக இராது. ஆனால் அதே ஒட்டுப்படத்தைப் புதிதாக இன்றும் வாங்கலாம். போருக்குப் பிந்திய ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்புகள் பலவற்றில் ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அது ஹப்பின் பிறந்தநாள், சக்கரத்தை மாற்றியிருக்கலாம். பின்கவை முனைகளின் இடைவெளி ஐந்து பற்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் 120 மி.மீ., ஆறு பற்சக்கர வண்டிகளில் 126 மி.மீ. பின்னாளில் யாரேனும் அதை விரித்திருக்கவும் கூடும். பெடல் அச்சுக் கூட்டில் உள்ள எண்ணும் முன்ஃபோர்க்கின் தண்டில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என நம்பலாம். ஒரு சான்று ஏமாற்றும். ஒன்றையொன்று அறியாத நான்கு சான்றுகள் ஒரே பத்தாண்டைச் சுட்டினால் பெரும்பாலும் ஏமாற்றா.

இவ்வளவு பாடு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். முகப்பில் இருப்பது பெரும்பாலும் கடை முதலாளியின் பெயர். ஹெட்சின்ஸ் சட்டகங்களைப் பற்றவைத்தவர் ஜாக் டென்னி; அவர் பெயரேனும் நமக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனையோ பட்டறைகளின் கைவினைஞர்களுக்கு எஞ்சியிருப்பது இணைப்பு ஓரத்தை அவர்கள் அரம் கொண்டு தேய்த்த விதம் மட்டுமே. வண்டியைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று பழைய பூச்சைச் சுரண்டி, கனத்த வண்ணம் ஏற்றுகையில் அந்தக் கைத்தடமும் மூழ்கிவிடுகிறது. செல்லரித்த ஏட்டைப் படியெடுக்கும் முன்பே எரித்துவிடுவதற்கு ஒப்பானது அது.

மங்கிய வண்ணத்தோடு பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தால், முதலில் செய்ய வேண்டியது துடைப்பதன்று, படிப்பது.