பழைய மகிழுந்தும் நேரிய விலையும்

கெடா மாநிலத்துப் பெண்டாங் மாவட்டம் நெல்வயலும் ரப்பர்த் தோட்டமும் அருகருகே அமைந்த நிலம். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970இல் இருபோக விளைச்சல் தொடங்கிய காலத்திலும், தோட்டத்துத் தமிழருக்கு மகிழுந்து என்பது துரைமார் ஏறிச் செல்லும் பொருளாகவே இருந்தது. தொழிலாளிக்கு வாய்த்தது மிதிவண்டி. பின்னர் மோட்டார் சைக்கிள். பிள்ளைகள் படித்து நகரத்தில் வேலை பெற்ற பிறகே வீட்டு வாசலில் மகிழுந்து நின்றது. அதுவும் பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கழித்த வண்டியே.

தவணை முறை தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். அங்கே கட்டிய பணம் நிலமாயிற்று. மகிழுந்துக்குக் கட்டிய தவணையோ வேறு வகையினது. நிலத்தின் மதிப்பு ஏறும். வண்டியின் மதிப்போ ஓட ஓடத் தேயும்.

1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் 1968 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. வாங்குவோரைக் காக்கப் பிறந்த சட்டம் அது. பொருள் விற்பனைக்கேற்ற தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்று அதன் ஏழாம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. பொருள் பழையது, அதன் தரத்துக்கு உறுதி எதுவும் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி, வாங்குபவர் அதனை அறிந்ததாகக் கையொப்பமிட்டுவிட்டால் அந்தக் காவல் நீங்கிவிடும். ஒப்பந்தமோ தமிழில் இருப்பதில்லை. விற்பவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டவருள் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பர்?

வட்டிக் கணக்கும் அத்தகையதே. 20,000 வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலைவட்டி, ஏழாண்டுத் தவணை எனக் கொள்வோம். வட்டி 7,000 வெள்ளி. மாதந்தோறும் ஏறத்தாழ 321 வெள்ளி. ஐந்து விழுக்காடுதானே என்று மனம் அமைதி கொள்ளும். ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துவர, வட்டியோ முதல் நாள் அசலுக்கே கணக்கிடப்படுகிறது. உண்மை வட்டி ஏறத்தாழ 9 விழுக்காடு. விலையில் ஐந்நூறு வெள்ளி குறைக்க அரை நாள் பேரம் பேசுவோர் இந்த ஏழாயிரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை என்பதே வியப்பு.

வண்டியின் உண்மை நிலையை அறிந்தவர் விற்பவர், அறியாதவர் வாங்குபவர். இவ்வேறுபாடு சந்தையையே கெடுக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துகளையே சான்றாகக் காட்டி விளக்கினார். நல்லது எது, கெட்டது எது என்று தெரியாதவர் நடுத்தர விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வார். எஞ்சுவன பழுதுற்ற வண்டிகளே. இவ்வகை ஆய்வுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஏட்டில் எழுதியதைப் பட்டறைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தனர். அதனால்தான் வண்டி வாங்கச் செல்பவர் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதுண்டு. ஒரு நாள் கூலியும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்துப் பெற்ற அந்த அறிவைவிட மலிவான காப்பு வேறில்லை.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்த பின் நிலைமை சற்றே தெளிந்தது. ஒரே வகை வண்டி ஊரெங்கும் ஓடியதால், இத்தனை ஆண்டான வண்டிக்கு இன்ன விலை என்று பத்துப் பேரிடம் கேட்டு ஒப்பிட முடிந்தது. நாளிதழ் விளம்பரங்களும் அதற்குத் துணைபுரிந்தன. 1994இல் புஸ்பகோம் பரிசோதனை நிலையங்கள் தோன்றின. அங்கு இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவோடு ஒத்துப்பார்க்கப்படும். அதனால் திருட்டு வண்டி வாங்கும் அச்சம் குறைந்தது. ஆயினும் ஓடிய தொலைவு காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்பும் வித்தை ஒழியவில்லை. வாணிகப் பொருள் பற்றிப் பொய் விவரம் தருவதை 1972ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. மிதிகட்டையின் தேய்வையும் பழுதுபார்ப்புச் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே அந்தப் பொய் புலப்படும்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பெரிய திருப்பம். பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பை ஒப்பந்த வரியால் தட்டிக்கழிக்க முடியாது என்று அது வகுத்தது. வாகனங்களும் அதில் அடங்கும். எனினும் தரத்தை அளக்கும்போது கொடுத்த விலையும் எண்ணிப் பார்க்கப்படும். மலிவாக வாங்கிய பழைய வண்டியிடம் புதுவண்டியின் தரத்தை எதிர்பார்க்க இயலாது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கு பதிய 5 வெள்ளி போதும்; வழக்கறிஞரும் வேண்டியதில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த இழப்பீட்டு வரம்பு 2003இல் 25,000 ஆகவும், 2019இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. ஆனால் அந்த வாயில் வணிகரிடம் வாங்கியவருக்கே திறக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடமோ உறவினரிடமோ வாங்கியவர் அங்கே செல்ல இயலாது. அவருக்கு எஞ்சியிருப்பது நீதிமன்றமே.