அம்மன் கணக்கு

ராஜா கட்டிய கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கும். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு கொடுத்தார், விளக்கெரிக்க நெய் எங்கிருந்து வர வேண்டும்... எல்லாவற்றையும் சுவரிலேயே வெட்டி வைத்திருப்பார்கள். சரி, உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு?

பெரும்பாலும் கல்வெட்டு இருக்காது. வரி நோட்டுதான் இருக்கும்! தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, திருவிழா முடிந்ததும் நாலு பேர் முன்னால் வரவு செலவு வாசிப்பார்களே, அதே நோட்டு. ஊர்க்கோயிலின் சரித்திரம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இந்த வசூலை ஒரு நிர்வாகக் கலையாகவே வளர்த்தவர்கள் பழைய ராமநாதபுரம் சீமையின் நாடார் வியாபாரிகள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு என்று மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். வழியெல்லாம் கொள்ளைக்காரர் பயம். இருட்டினால் ஒதுங்க இடம் வேண்டும். மதில் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், வண்டி அவிழ்த்துப்போட இடம் விட்டார்கள். அதுதான் பேட்டை. சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்கள் இப்படி வியாபாரத் தலங்களாக வளர்ந்தன.

மதில் கட்டக் காசு? அதற்குத்தான் மகமை. வியாபாரமாகும் சரக்கின் மதிப்பில் ஒரு சிறு பங்கு பொதுவுக்குப் போய்விடும். இதை நன்கொடை என்று நினைத்துவிடாதீர்கள். நன்கொடை என்பது லாபம் வந்த பிறகு, மனசும் இருந்தால் கொடுப்பது. மகமை அப்படியில்லை. லாபமோ நஷ்டமோ, சரக்கு கைமாறும்போதே எடுத்துவைத்துவிட வேண்டும். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், அது லாபத்தில் பிரித்துக் கொடுக்கும் பங்கல்ல, வியாபாரச் செலவு! அம்மனும் அந்த வியாபாரத்தில் ஒரு பங்காளி, அம்புட்டுத்தான்.

பணத்தை நிர்வகித்தது உறவின்முறை. முறை வைத்து ஒருவர் பொறுப்பேற்பார். கூட்டத்தில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். கிணறு, மண்டபம், அம்மன் கோயில், பூஜை, பங்குனிப் பொங்கல் என்று எல்லாம் அந்தப் பொதுப்பணத்தில் நடந்தன.

சொந்தக் கோயில் எதற்கு, ஏற்கெனவே ஊரில் பெரிய கோயில் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. உள்ளேதான் விடவில்லை! 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். தீட்டுக் கழிக்கும் செலவையும் சேர்த்துக் கேட்டார். 1899-ல் மதுரைக் கோர்ட்டில் நாடார்கள் தோற்றார்கள். அதே வருஷம் சிவகாசியில் பெருங்கலவரம், உயிர்ப்பலி. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அங்கேயும் தோல்வி.

சீமைக்கே போயும் கதவு திறக்கவில்லை. ஆனால் மகமை நோட்டு சும்மா இருக்கவில்லை. விருதுபட்டியில் 1885-லேயே சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடம் எழுந்துவிட்டது. மகமைப் பணம் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு உலையில் போடும்போது ஒதுக்கிவைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கியது. அங்கே படித்த ஒரு பையனின் பெயர் காமராஜ். கோயிலுக்கு வசூலிக்கப் பழகியவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் வசூலித்தார்கள். பின்னாளில் அந்தப் பையன் முதலமைச்சராகி ஊரெல்லாம் பள்ளி திறந்தார்.

கோயில் கதவும் ஒருநாள் திறந்தது. 1939 ஜூலை 8. மதுரை வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அதே ஆண்டு ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது.

ஆனால் வரி நோட்டில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். ஊர்க்கோயிலில் வரி கொடுப்பவன்தான் 'ஊர்'. கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு. சாமி அவன் தெருவுக்கு வரும், மரியாதையும் அவனுக்கு உண்டு. அப்படியானால் ஒருவரைத் தள்ளிவைக்கக் கதவைப் பூட்ட வேண்டியதே இல்லை. 'உங்க வரி வேண்டாம்' என்று சொன்னால் போதும்! இன்றைக்கும் பல கிராமங்களில் தலித் மக்களுக்குச் சொல்லப்படும் வார்த்தை இதுதான். தாசில்தார் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும்போது அவர்கள், 'எங்ககிட்டயும் வரி வாங்குங்க' என்று கேட்கிறார்கள். உலகத்தில் வரியைக் குறைக்கச் சொல்லிப் போராடுவார்கள். வரி போடச் சொல்லிப் போராடுவது இங்கேதான். அந்தச் சில நூறு ரூபாயில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நோட்டில் ஒரு பெயர் இருக்கிறது.

இந்த வருஷமும் திருவிழாவுக்கு வரி கேட்டு வீட்டுக்கு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். கூடவே நோட்டை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். எந்தத் தெரு விட்டுப்போயிருக்கிறது என்றும் பாருங்கள். கணக்கில் விடுதல் என்றால் அதுதான்.