வீட்டுக்குள் வளர்ந்த புல்

புல்லைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் அழகுக்கு வளர்ப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தமிழர்களுக்கு இது மிகப் பழைய வழக்கம். அதன் பெயர் முளைப்பாலிகை. தென் மாவட்டங்களில் முளைப்பாரி என்பார்கள்.

நவதானியத்தில் நெல்லும் கோதுமையும் தாவரவியல்படி புல் இனங்களே. மற்றவை பயறுகளும் எள்ளும்.

சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டினால் பூம்புகார். அங்கே நடந்த கண்ணகி திருமணத்தில் பெண்கள் முளைப்பாலிகை ஏந்தி வந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றும் பல கல்யாணங்களில் சுமங்கலிகள் பாலிகைக் கிண்ணங்களில் ஊறவைத்த தானியத்தைத் தெளிக்கிறார்கள். கோயில் திருவிழாக்களின் தொடக்கத்திலும் முளையிடும் சடங்கு உண்டு.

முளைப்பாரி வளர்ப்பது எப்படி? வாய் அகன்ற சட்டியில் வைக்கோல் பரப்பி, மண்ணும் காய்ந்த எருவும் போட்டு, ஊறவைத்த விதைகளைத் தூவுவார்கள். வெளிச்சம் புகாத அறையில் வைத்து தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகாது. ஒளியைத் தேடித் தண்டு நீளும். சில நாட்களில் வெளிர் மஞ்சளாக, அடர்த்தியாக எழுந்து நிற்கும். விழா முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள்.

இத்தாலியின் சார்டினியா தீவிலும் ஈஸ்டருக்கு முன் கோதுமையை இப்படியே இருட்டில் முளைக்க வைத்து தேவாலயத்தில் வைக்கிறார்கள். பண்டைய ஏதென்ஸ் பெண்கள் அடோனிஸ் விழாவுக்காகச் சட்டிகளில் விதைத்ததை பிளேட்டோவும் குறிப்பிட்டிருக்கிறார்.

பக்தியும் அழகும் மட்டுமல்ல, இதில் கணக்கும் இருக்கிறது. வீட்டுக் குதிரில் சேமித்த விதையைத் தூவினால், எவ்வளவு முளைக்கிறது என்று விதைப்புக்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். முளைக்காத விதையை வயலில் போட்டால் அந்தப் போக முதலே போய்விடும். அந்த நஷ்டத்தைச் சில கைப்பிடி தானியச் செலவில் தவிர்க்க முடிந்தது.

1966-ல் விதைச் சட்டம் வந்தது. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும். அதைச் சோதிப்பது ஆய்வகம். விவசாயி பையின் அட்டையைப் படித்தால் போதும். இது நல்லதுதான். ஆனால் விதையைப் பொறுக்கி, காயவைத்து, முளைக்க வைத்துப் பார்த்த பெண்களின் அனுபவ அறிவுக்கு வேலை குறைந்துவிட்டது. கடையில் வாங்கிய தானியத்தில் வளர்த்தாலும் முளைப்பாரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீட்டு விதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.